அருகிருப்பார் கடமை



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இனிமையானதன்று. முற்றிய புற்றுநோயால் வருந்துவோர்க்குச் சில வேளைகளில் ஏற்படும் கடுமையான இரத்தப்போக்கைப் பற்றியும், அவ்வேளையில் அருகில் இருப்போர் செய்ய வேண்டுவன பற்றியும் பேசப் போகிறேன். 'இது மருத்துவர்க்கும் செவிலியர்க்கும் உரிய பாடமாயிற்றே! படிக்கும் பிள்ளைகளுக்கு இதை ஏன் சொல்ல வேண்டும்?' என்று உங்கள் பெற்றோருள் சிலர் கேட்கக்கூடும். வினா நியாயமானதே. அதற்கு விடை கூறிவிட்டே மேலே செல்கிறேன்.

நோயைக் குணப்படுத்த இனி வழியில்லை என்ற நிலை வந்தபின், நோயாளிகள் பலர் வீட்டிற்கே திரும்பிவிடுகின்றனர். பெரியவர்கள் பகலில் வேலைக்குச் சென்றாக வேண்டும். பள்ளி விட்டு வந்த பேரனோ, கல்லூரி விடுமுறைக்கு வந்த மகளோ கட்டிலருகே அமர்ந்திருக்கும் நேரங்கள் பல. அந்நேரத்தில் இரத்தம் பெருகினால் அங்கே இருப்பவர் மருத்துவர் அல்லர், நீங்கள்தாம். எதுவும் சொல்லித் தரப்படாத பிள்ளை அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடும். அந்த ஓட்டத்தில் பிள்ளையின் குற்றம் ஏதுமில்லை. ஆனால் கட்டிலில் கிடப்பவர் தம் வாழ்வின் கடைசிச் சில நிமிடங்களைத் தனிமையில் கழிக்க நேரிடும். அத்தனிமையைத் தவிர்க்க வேண்டும் என்பதே இப்பேச்சின் நோக்கம்.

நான் மருத்துவன் அல்லன்; ஆசிரியப் பயிற்சி பெற்று வகுப்பறையில் காலம் கழித்தவன். ஆதலின் மருந்தின் அளவுகளைப் பற்றி ஒன்றும் கூறேன். அவை மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை. ஒரு குடும்பம் விளங்கிக்கொள்ள வேண்டிய செய்திகளை மட்டும் எளிமையாகச் சொல்ல முயல்கிறேன்.

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளை நீங்கள் படித்திருப்பீர்கள். மருத்துவத்திற்கு உறுப்புகள் நான்கு என்று வள்ளுவர் அதில் வகுக்கிறார். நோயுற்றவன் ஒன்று, தீர்க்கும் மருத்துவன் ஒன்று, மருந்து ஒன்று, அருகிருந்து பேணுபவன் ஒன்று. அருகிருப்பவரை வேலையாளாகவோ வேடிக்கை பார்ப்பவராகவோ அவர் கருதவில்லை. மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே எண்ணினார். இந்த நான்காம் உறுப்பின் பெருமை, மற்ற உறுப்புகள் கைகொடுக்காத வேளையில்தான் நன்கு விளங்கும். நாம் பேசப்போவது அத்தகைய வேளையைப் பற்றியே.

குணப்படுத்த இயலாத நோயாளியின் வலியையும் மூச்சுத் திணறலையும் அச்சத்தையும் தணித்து, இருக்கும் நாளை அமைதியாக வாழச் செய்யும் மருத்துவத்திற்கு நோய் ஆதரவுச் சிகிச்சை என்று பெயர். மேல்நாட்டார் இதனைப் 'பேலியேட்டிவ் கேர்' என்பர். மேலே போர்த்தும் ஆடையைக் குறிக்கும் 'பாலியம்' என்ற இலத்தீன் சொல்லே இதன் வேர். குளிரை ஒழிக்க நம்மால் இயலாது. ஆனால் குளிரில் நடுங்குபவருக்குப் போர்வை போர்த்த இயலும். அதுவே இம்மருத்துவத்தின் கருத்து.

இதனை இக்காலத்தில் ஒழுங்குபட அமைத்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். 1918-இல் பிறந்த அவர், முதலில் செவிலியாகவும் பின்னர் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் தொண்டாற்றினார். இறக்கும் நிலையில் உள்ளோரை மருத்துவ உலகம் கைவிட்டுவிடுகிறது என்பதைக் கண்டு, முதிர்ந்த வயதில் மருத்துவமும் பயின்று 1957-இல் பட்டம் பெற்றார். 1967-இல் இலண்டன் மாநகரின் தென்பகுதியில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கினார். நம் நாட்டில் 1986-இல் மும்பையில் சாந்தி அவேதனா சதன் தோன்றியது. 1993-இல் கோழிக்கோட்டில் வலி தணிப்புச் சங்கம் அமைந்தது. அதன் வழியே கேரளத்தில் அக்கம்பக்கத்தாரே தொண்டர்களாகித் தம் ஊர் நோயாளிகளைப் பேணும் முறை பரவியது. கல்லூரி மாணவர்களும் அதில் பங்கு கொண்டனர். நம் தமிழகத்தில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீடு தேடி வந்து செய்யும் ஆதரவுச் சிகிச்சை இடம் பெற்றுள்ளது.

இனி இரத்தப்போக்குக்கு வருவோம். வளர்ந்த மனிதரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. ஒரு சிறு காயம் பட்டால், இரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் அவ்விடத்தில் திரண்டு அடைக்கின்றன. அவற்றின்மேல் ஃபைப்ரின் என்னும் நூலிழைகள் வலைபோல் பின்னிக்கொள்கின்றன. நாம் ஒன்றும் செய்யாமலே கசிவு நின்றுவிடுகிறது. புற்றுநோயில் இந்த ஏற்பாடு பல வழிகளிலும் கெடுகிறது. கட்டியினுள் முளைக்கும் இரத்தக் குழாய்கள் ஒழுங்கற்றவை; எளிதில் உடைபவை. கட்டி வளருங்கால் அருகிலுள்ள நல்ல குழாய்களையும் அரிக்கிறது. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஒன்றரை இலட்சம் முதல் நாலரை இலட்சம் வரை இருக்க வேண்டிய தட்டணுக்கள், நோய் எலும்பு மச்சையைத் தாக்கும்போது வெகுவாகக் குறைகின்றன. கல்லீரல் பழுதுற்றால் இரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களும் குறைந்துவிடுகின்றன.

முற்றிய நிலைப் புற்றுநோயாளர் நூற்றுவரில் ஏறத்தாழப் பத்துப் பேருக்கு இரத்தப்போக்குத் தொல்லை ஏற்படுகிறது. உயிரையே கொண்டுபோகும் பெரும்போக்கு அவர்களுள்ளும் சிலருக்கே நேரும். எந்த இடத்தில் நோய் என்பதைப் பொறுத்து இதன் வடிவம் மாறும். நுரையீரல் நோயாளிக்கு இருமலோடு இரத்தம் வரலாம். இரைப்பை நோயாளிக்கு வாந்தியில் வரலாம்; அல்லது மலம் தார் போலக் கறுத்துப் போகலாம். கருப்பைவாய்ப் புற்றுநோயில் பெண்களுக்கு உதிரப்போக்கு நிகழும். புகையிலையும் பாக்கும் மெல்லும் வழக்கத்தால் இந்திய ஆடவரிடையே வாய்ப் புற்றுநோய் மிகுதி. வாயிலும் கழுத்திலும் புண் ஆழமாகி, கழுத்தின் இருபுறமும் மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெருந்தமனியை அரிக்குமாயின், அதுவே எல்லாவற்றிலும் கடுமையான இரத்தப்போக்கு.

ஆயினும் ஒன்றை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும். இரத்தக் கசிவு யாவும் முடிவின் அறிகுறியன்று. நிறுத்தக்கூடியவை பல, நிறுத்தும் வழிகளும் பல.

முதல் வழி, நோயாளி உட்கொள்ளும் மருந்துகளை மருத்துவர் மறுபடியும் ஆராய்தல். ஆஸ்பிரின், வார்ஃபரின், சில வகை வலி மாத்திரைகள் ஆகியவை இரத்தம் உறைவதைத் தடுப்பவை. இதய நோய்க்கென்று முன்பு தொடங்கிய மாத்திரை, நிலை மாறிய பின்னும் பழக்கத்தால் தொடர்ந்துகொண்டிருக்கலாம். அதை நிறுத்துவதா, மாற்றுவதா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். நாமாக நிறுத்துதல் கூடாது.

இரண்டாவது, புண்ணை மென்மையாகக் கையாளுதல். காய்ந்து ஒட்டிய கட்டுத்துணியை வெடுக்கென்று இழுத்தால் மூடிய வாயெல்லாம் திறந்துகொள்ளும். உப்பு நீர்க் கரைசலால் நன்றாக நனைத்து, ஊறிய பின் மெல்ல எடுக்க வேண்டும். புண்ணில் ஒட்டாத துணிகளும் உண்டு. கசிவு தோன்றினால் சுத்தமான துணியை மடித்து வைத்து, இடைவிடாமல் சில நிமிடங்கள் அழுத்திப் பிடித்தல் வேண்டும். நின்றதா என்று நொடிக்கொரு முறை எடுத்துப் பார்த்தல் பயன் தராது. அட்ரினலின் நனைத்த துணியை வைப்பதும், வயிற்றுப்புண்ணுக்குத் தரும் சுக்ரால்ஃபேட் மாத்திரையைக் குழைத்துப் புண்ணில் தடவுவதும் செவிலியர் கையாளும் முறைகள்.

மூன்றாவது ஒரு மருந்து. அதன் வரலாறு நீங்கள் அறியத் தக்கது. இரத்தத்தை உறைய வைக்கும் ஃபைப்ரின் வலையைக் கரைக்கும் ஆற்றலும் நம் உடலிலேயே உண்டு. அந்தக் கரைப்பைத் தடுத்தால் வலை நிலைத்து நிற்கும். ஜப்பானைச் சேர்ந்த உடாகோ ஒக்கமோட்டோ அம்மையாரும் அவர் கணவர் ஷோசுகேயும் இதற்கான பொருளைத் தேடினர். போருக்குப் பின் வறுமையுற்றிருந்த நாடு; ஆராய்ச்சிக்குப் பொருள் வசதி குறைவு. இரத்தத்தை ஆராய்வதாயின், போதாத வேளையில் தம் இரத்தத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்று கருதி அத்துறையில் இறங்கினர். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறிடம் இன்மையால், முதுகில் சுமந்தபடியே அம்மையார் ஆய்வுக்கூடத்தில் பணி செய்ததுண்டு. 1962-இல் அவர்கள் டிரானெக்சாமிக் அமிலத்தை உலகுக்கு அறிவித்தனர். மகப்பேற்றின்போது இரத்தம் இழந்து மடியும் தாய்மாரைக் காப்பதே அம்மையாரின் விருப்பமாக இருந்தது. அதே மருந்து இன்று புற்றுநோயாளியின் கசிவை நிறுத்தவும் மாத்திரையாகவும் புண்மேல் இடும் மருந்தாகவும் பயன்படுகிறது. ஆயினும் சிறுநீர்ப் பாதையில் இரத்தம் கசியும்போது கட்டிகளாக உறைந்து அடைக்கக்கூடுமாதலால், மருத்துவர் ஆராய்ந்தே தருவர்.

நான்காவது, கதிர்வீச்சு. நோயைத் தீர்ப்பதற்காக அன்றி, இரத்தப்போக்கை நிறுத்துவதற்காக மட்டுமே, ஒரே முறையோ சில முறைகளோ கதிர்வீச்சுத் தருவதுண்டு. கருப்பைவாய், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகிய இடங்களில் பலருக்கு இது நற்பயன் அளிக்கிறது. பெரிய மருத்துவமனைகளில், இரத்தம் கசியும் குழாயை உள்ளிருந்தே அடைக்கும் முறையும் உண்டு. எதைச் செய்தாலும் ஒரு வினாவைக் கேட்டே மருத்துவர் செய்வார்: 'இதனால் இந்நோயாளிக்கு வரும் துன்பத்தைவிட நன்மை மிகுமா?' பயணத்தையும் தாங்க இயலாதவரைத் தொலைதூரத்துக்கு இழுத்துச் செல்வது சிகிச்சையாகாது.

மாணவர்களே, இதுவரை சொன்னது நிறுத்த முடிந்ததைப் பற்றியது. இனி, நிறுத்த முடியாததைப் பற்றிச் சொல்கிறேன்.

பெருந்தமனி ஒன்று உடைந்தால் இரத்தம் மிக விரைவாக வெளியேறும். பெரும்பாலும் அதற்குச் சில நாட்களுக்கோ சில மணி நேரத்துக்கோ முன் ஒரு சிறு கசிவு தோன்றி நின்றுபோவதுண்டு. அதனை முன்னறிவிப்பாகக் கொண்டு உடனே செவிலியருக்குத் தெரிவிக்க வேண்டும். இத்தகைய அபாயம் உள்ள நோயாளியின் குடும்பத்தாரிடம் மருத்துவர் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

'சொன்னால் பயந்துவிடுவார்களே!' என்பர் பெரியோர். அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆயினும் சொல்லாமல் விடுவதனால் அச்சம் இல்லாமற் போவதில்லை. வந்தபின் பன்மடங்காகப் பெருகுகிறது. எல்லாருக்கும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டுவதில்லை. அபாயம் உண்மையாகவே உள்ள இடத்தில், பேணும் பொறுப்பில் இருப்பவருக்கு, அவர் தாங்கும் அளவுக்குச் சொல்ல வேண்டும். நோயாளி தாமே கேட்பாராயின் பொய் சொல்லலாகாது. மருத்துவமனைக்குக் கொண்டுபோவதா, வீட்டிலேயே அமைதியாக வைத்திருப்பதா என்பதையும் நோயாளி, குடும்பத்தார், மருத்துவர் ஆகிய மூவரும் கூடி முன்னரே முடிவு செய்துவிட வேண்டும். இரத்தம் பெருகும்போது கூடிப் பேச நேரம் இராது.

முடிவு செய்தபின் ஒரு சிறு ஏற்பாடு வேண்டும். கருநீலம், கரும்பச்சை, கருஞ்சிவப்பு ஆகிய நிறங்களில் சில துண்டுகளும் போர்வைகளும் கட்டிலருகே இருக்கட்டும். ஏன் அடர்ந்த நிறம்? மைக்கூட்டிலிருந்து ஒரு கரண்டி மை வெள்ளை வேட்டியில் கொட்டினால் வேட்டி முழுவதும் மையாகத் தோன்றுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். இரத்தமும் அவ்வாறே. வெள்ளைத் துணியில் அதன் நிறம் நோயாளியையும் நம்மையும் நடுங்கச் செய்யும். அடர்ந்த நிறத் துணியில் அந்தக் கொடுமை மறையும். போர்வை என்ற சொல்லிலிருந்து பெயர் பெற்ற மருத்துவம், இங்கே உண்மையாகவே ஒரு போர்வையால் அச்சத்தை மூடுகிறது. ஒரு பாத்திரம், கையுறை, ஒரு நெகிழித் தாள், செவிலியரின் தொலைபேசி எண் எழுதிய சீட்டு ஆகியவையும் வேண்டும். இவை எங்கே உள்ளன என்பது வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மிடசோலம் போன்ற அமைதியூட்டும் மருந்தை மருத்துவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, அதை எவர், எப்படித் தர வேண்டும் என்று கற்பித்திருப்பதும் உண்டு. அதன் நோக்கத்தைத் தவறாக எண்ணிவிடாதீர்கள். உயிரை விரைவுபடுத்துவதற்காக அன்று. நோயாளியின் திகிலைத் தணித்து உறக்கம்போன்ற நிலையைத் தருவதற்காகவே அது கொடுக்கப்படுகிறது. பெரும் இரத்தப்போக்கு வழக்கமாக வலி தருவதில்லை. அச்சமே அதன் பெருந்துன்பம்.

அந்நேரம் வந்தால் என்ன செய்வது? முதலும் முடிவுமான விதி இதுவே: நோயாளியை விட்டு அகலாதீர்கள். இருவர் இருந்தால் ஒருவர் தொலைபேசியில் அழைக்கட்டும். மற்றவர் அருகிலேயே இருக்கட்டும். ஒருவரே இருந்தால், அமர்ந்த இடத்திலிருந்தே அழைக்கட்டும். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, இரத்தம் தொண்டையில் தேங்காமல் வெளியே வரச் செய்ய வேண்டும். வெளிப்புண்ணாயின் மடித்த துண்டால் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு கையால் அவர் கையைப் பற்றிக்கொண்டு, 'நான் இங்கேயே இருக்கிறேன். எங்கும் போகமாட்டேன்' என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

மருந்து வேறு அறையில் இருந்தால் அதை எடுக்க ஓடலாமா? இவ்வினாவுக்கு ஆதரவுச் சிகிச்சை மருத்துவர்கள் தரும் விடை உங்களை வியப்பில் ஆழ்த்தும். வேண்டுவதில்லை என்கின்றனர். பெருந்தமனி உடைந்தால் சில நிமிடங்களிலேயே நினைவு தப்பிவிடும். மருந்து எடுத்து வந்து அது வேலை செய்யுமுன் எல்லாம் முடிந்துவிடக்கூடும். ஆகவே மருந்தைத் தேடித் தனியே விட்டுச் செல்வதைவிட, மருந்தின்றி உடனிருப்பதே சிறந்தது. வள்ளுவர் எண்ணிய உறுப்புகளுள் மருத்துவர் தொலைவில் இருக்கிறார், மருந்துக்கு நேரமில்லை. நோயுற்றவரும் அருகிருப்பவரும் மட்டுமே எஞ்சுகின்றனர். அவ்வேளையில் அருகிருப்பவரே மருந்தும் ஆகிறார்.

எல்லாம் முடிந்தபின் உடலைத் தூய்மை செய்து, துணிகளை மாற்றி, அறையை ஒழுங்கு செய்த பின்னரே சிறு குழந்தைகளையும் உறவினரையும் உள்ளே விட வேண்டும். அருகில் இருந்தவரை அன்று தனியே விடலாகாது. கண்ட காட்சி பல நாள் கண்முன் நிற்கும். அதை எவரிடமாவது சொல்லி அழுதல் வேண்டும். 'நான் வேறு ஏதாவது செய்திருக்க வேண்டுமோ?' என்று தம்மையே குற்றம் சாட்டுவோர் பலர். எவர் என்ன செய்திருந்தாலும் அது நின்றிராது என்பதைச் செவிலியரோ மருத்துவரோ அவர்களிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆதரவுச் சிகிச்சை நோயாளியின் மரணத்தோடு முடிவதன்று; துயருற்ற குடும்பத்தையும் அது தழுவி நிற்கிறது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது: இன்று நான் கூறிய அமைதியான உடனிருப்பு, குணப்படுத்த இயலாதென்று தெளிந்து, முன்னரே முடிவு செய்யப்பட்ட நோயாளிக்கே உரியது. சாலை விபத்திலோ வேறு நோயிலோ ஒருவருக்கு இரத்தம் பெருகினால், அழுத்திப் பிடித்து உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்கு அனுப்புவதே கடமை. ஏற்பாடு எதுவும் செய்யப்படாத புற்றுநோயாளிக்கும் அவ்வாறே உடனே உதவி தேட வேண்டும். இரண்டாவது, பெற்றோருக்கு: பிள்ளையின் மனம் ஏற்காதபோது கட்டிலருகே அமர வற்புறுத்தாதீர்கள். 'என்னால் இயலாது' என்று சொல்லும் பிள்ளை அன்பற்ற பிள்ளையன்று. விரும்பி அமரும் பிள்ளைக்கும் துணையாக ஒரு பெரியவர் அழைத்தவுடன் வரும் தூரத்தில் இருத்தல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! 1918-ஆம் ஆண்டு பெண்மணியர் இருவரை உலகுக்குத் தந்தது. ஒருவர் ஜப்பானில் இரத்தத்தை நிறுத்தும் மருந்தைக் கண்டுபிடிக்க உழைத்த ஒக்கமோட்டோ அம்மையார். மற்றவர் இங்கிலாந்தில், நிறுத்த முடியாத வேளையிலும் நோயாளியைக் கைவிடலாகாது என்று நிலைநாட்டிய சாண்டர்ஸ் அம்மையார். உங்களுள் சிலர் மருத்துவமும் அறிவியலும் பயின்று முன்னவர் வழியில் செல்வீர்கள். அந்த வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டுவதன்று. பின்னவர் காட்டிய வழியோ ஒவ்வொருவர்க்கும் திறந்திருக்கிறது. அதற்குப் பட்டம் வேண்டுவதில்லை. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ நெடுநாள் நோயில் கிடப்பவர் இருந்தால், இன்று மாலையே சென்று சிறிது நேரம் அமர்ந்து வாருங்கள். பேச ஒன்றும் தோன்றாவிட்டாலும் குற்றமில்லை. உடன் அமரப் பழகிய கால், இடர் வந்த வேளையில் ஓடாது.